அன்னப்பிள்ளை கேட்ட கேள்வி

அன்னப்பிள்ளையைக் கூண்டில் ஏற்றும்போது காலை பத்தே கால். அதற்குள் பதினாறு வழக்குகளை முடித்துவிட்டிருந்தோம்.

முடித்துவிட்டிருந்தோம் என்பதில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. இருபத்திரண்டு வருடமாக இந்த நீதிமன்றத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நிற்கிறவன் நான். நீதவான்மார் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ஸுஹைர் நின்றால் தேநீருக்கு முன் நாற்பது வழக்கு ஓடும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

அதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும்.

கூண்டில் நிற்பவர்கள் அழுவார்கள், மாமியார் கதை சொல்வார்கள், அல்லாஹ்வையும் கோணேசரையும் சாட்சிக்கு இழுப்பார்கள். நீதவானுக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு சொல். அதைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

அன்னப்பிள்ளை வெருகல் பக்கத்துப் பெண். கப்பல்துறையில் வாடகைக்கு இருக்கிறாள். துறைமுகப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை கூட்டும் வேலை. முந்தின நாள் பின்னேரம் வீதியில் நின்று ஆண்களை விபசாரத்துக்கு அழைத்தாள் என்று பொலிஸ் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. இரவு முழுக்கப் பொலிஸ் நிலையத்தில். பால்குடி மறக்காத பிள்ளை அயல் வீட்டில்.

சார்ஜன்ட் என் காதருகே குனிந்தார்.

"போன வருசமும் ஒப்புக்கொண்டவதான்."

நானும் தலையாட்டினேன். இரண்டாம் தடவை என்றால் தண்டப்பணத்தோடு விடமாட்டார்கள். தடுப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள், பிள்ளை இங்கே கிடக்க அவள் மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டியதுதான். அது அவளுக்குத் தெரியாது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அவளுக்காக வந்திருந்தவர் சுதர்சிகா. சட்ட உதவிக்கென்று புதிதாக வந்த சட்டத்தரணி, சின்னப் பெண். வராந்தாவில் அன்னப்பிள்ளையோடு ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்திருந்தார்.

"சேர், அவ என்ன சொன்னாலும் ஒண்டும் விடாமல் அப்பிடியே சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவர் முதலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோதே நான் இந்த இடத்தில் நின்றவன். சரி தங்கச்சி, இன்றைக்கு முழுசாகவே தருகிறேன், எல்லாருக்கும் அலுத்துப் போகட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

குற்றச்சாட்டை வாசித்தேன். குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்டேன். குற்றம் செய்யவில்லை என்றால் சுற்றவாளி என்று சொல்ல வேண்டும் என்பதையும் ஒரு தடவை விளக்கினேன்.

சுதர்சிகாவும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் அவரோடு ஐந்து நிமிடம் எங்கே, பொலிஸில் ஒரு முழு இரவு எங்கே?

அன்னப்பிள்ளை சட்டத்தரணியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தபடி கேட்டாள்.

"குற்றவாளி எண்டு சொன்னா வீட்ட போகலாமோ, ஐயா?"

வழக்கம்போல முதல் சொல் மட்டும் எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வீம்புதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. முழுக் கேள்வியையும், அந்த ஐயாவையும் சேர்த்து, அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

நீதவான் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார்.

அப்படிச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது யார் என்று கேட்டார். பொலிஸில் சொன்னார்கள் என்றாள். நேற்று வீதியில் எதற்கு நின்றாய் என்று கேட்டார். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன், பிள்ளை இன்னும் பசியோடு இருக்கும் என்றாள். பிள்ளையையும் பசியையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

அதன் பிறகுதான் சுதர்சிகா எழுந்தார். இந்தப் பெண் யாரை அழைத்தாள், அதைக் காதால் கேட்டவர் யார் என்று இரண்டே இரண்டு கேள்வி. சார்ஜன்ட் கோப்பை முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார். அதில் ஒரு பெயரும் இருக்கவில்லை.

நீதவான் அவளை விடுதலை செய்தார்.

எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம். இருபத்திரண்டு வருடத்தில் என்னால் இவ்வளவு நேரம் வீணானது அன்றைக்குத்தான். அப்படியிருந்தும் மனது லேசாகிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. வீம்புக்குச் செய்த காரியம் என்றாலும் ஒரு தாய் வீட்டுக்குப் போகிறாள் அல்லவா?

தேநீருக்கு வெளியே வந்தபோது நீதிமன்ற வளவில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று யாரோ வீசிய சாப்பாட்டுக் கடதாசியை மென்றுகொண்டிருந்தது. சுதர்சிகா படலையடியில் ஓட்டோ ஒன்றை மறித்துக்கொண்டிருந்தார். அன்னப்பிள்ளை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதும் சிரிப்பதுமாக நின்றாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் பெரிய மனிதன்போல, பரவாயில்லை, பிள்ளையைப் போய்ப் பாருங்கள் என்றேன்.

"இந்த நீதவான் ஐயா தங்கமான மனுசன். போன வருசமும் இதத்தான் கேட்டனான், அப்ப இருந்தவர் நிமிந்தும் பாக்கேல்ல."

ஓட்டோ வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

போன வருடம் இருந்த நீதவானை எனக்கு நன்றாகத் தெரியும். இரக்கமுள்ள மனிதர். தமிழ் ஒரு சொல்லும் விளங்காது, நான் சொல்வதை மட்டும்தான் கேட்பார்.