டிரைவரின் மூக்கு

"தூக்கத்துல இவர் எட்டி உதைக்கறார், டாக்டர். நடுக்குவாதம் இப்படித்தான் ஆரம்பிக்குமாமே? அப்புறம் பஸ்ஸை எப்படி ஓட்டுவார்?" என்று கேட்டாள் டிரைவரின் மனைவி.

நரம்பு டாக்டர் சிரித்தார். "வெறும் உதையை வெச்சு சொல்ல முடியாதும்மா. என் உதைக்குப் பயந்து என் வீட்டம்மாவே பக்கத்து ரூமுக்கு ஓடிட்டா! கூடவே வாசனையும் தெரியலைன்னாதான் கவலைப்படணும். அதைப் பார்த்துடலாம்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் சின்ன டப்பாவைத் திறந்து, முதலில் தானே முகர்ந்தார்.

"என்ன நர்ஸ், பொடி பழசாயிடுச்சா? வாசனையே இல்லையே. மாத்துங்க."

"காலையிலதான் சார் புதுசு போட்டேன்."

கண்ணைத் திறக்காமலே டிரைவர் சொன்னார்: "காப்பிப் பொடிதானே? ரூமே கமகமன்னு இருக்கு!"

"அப்பாடா!" என்று மனைவி அவர் தோளைத் தட்டினாள்.

டாக்டர் மட்டும் டப்பாவை மூடாமல் திரும்பத் திரும்ப முகர்ந்துகொண்டிருந்தார்.