தக்காளி மூக்கன்

சுமைகாரனுக்கு வயிறு காந்தியது. நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்குப் பசி புதிதல்ல.

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். "குடிங்கண்ணே. நீங்க தெம்பா இருந்தாத்தானே புள்ளையப் பாக்க முடியும்?"

"வேணாம்மா. புள்ளையே பட்டினி கெடக்குது."

மகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலும் நகத்திலும் மஞ்சள் ஏறியிருந்தது. கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. விடிந்ததும் நர்ஸ் வந்து அவள் மணிக்கட்டில் பேர் எழுதின பட்டையைக் கட்டிவிட்டு, அப்பன் கையிலும் அதே மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள்.

"விலாசம் கட்டுன ரெண்டு மூட்டை மாதிரி இருக்கோம்ப்பா" என்றாள் மகள். "ஒரே லாரி."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வராந்தாவில் 'பீப்' என்று ஊதல் சத்தம் கேட்டுவிட்டது.

கோமாளி. ஒரு காலில் பச்சை ஷூ, மறு காலில் அதைவிடப் பெரிய மஞ்சள் ஷூ, முகத்துக்கு நடுவில் சிவப்பு மூக்கு. வார்டுப் பிள்ளைகளுக்கு அவன் 'தக்காளி'. சுமைகாரனுக்கு எமன்.

பார்த்தது அப்படி. போன வாரம் ஜன்னலோரக் கட்டில் பையனிடம் இவன் வந்தான். இல்லாத கதவைத் தட்டினான். பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் வந்தது. அதன் கூடவே பாடிக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது மூக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கூடப் பையன் இல்லை. சாயங்காலம் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார்கள். அடுத்து வாசலோரப் பெண்பிள்ளை. அவளும் திரும்பவில்லை. என்ன ஆச்சு என்று யாரையும் கேட்கச் சுமைகாரனுக்கு வாய் வரவில்லை.

நேற்று அந்தக் கோமாளி மகளிடமும் வந்தான். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். பாட்டு ஒன்று பாடுவதாகச் சொல்லிவிட்டு, பாடாமலே போனான். ஸ்ட்ரெச்சருக்கென்று எடுத்து வைத்திருக்கிறான் என்று சுமைகாரனுக்கு அப்போதே பட்டது.

இன்று கோமாளி வேறு கட்டில் பக்கம் திரும்பவேயில்லை. நேராக இங்கே வந்து, விரலை மடக்கிக் காற்றில் தட்டினான்.

"டொக் டொக். உள்ள வரலாங்களா?"

"வரக்கூடாது. நடையைக் கட்டு." சுமைகாரன் கட்டிலுக்கு முன்னால் எழுந்து நின்றான். நான் கண்ணை மூடுகிற நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான் என்று அவனுக்குப் பட்டது.

வராதே என்றால் போய்விடுவதுதான் கோமாளியின் வழக்கம். ஊசியை வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளைகள், இவனை மட்டும் விரட்டலாம். நேற்று எதிர்க்கட்டில் குட்டி 'போடா' என்றதும் பின்பக்கமாகவே நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். இன்று ஓர் அடி பின்வாங்கியவன், அங்கேயே நின்றான்.

"ஜன்னலோரத்துப் பையன என்னடா பண்ணுனே?"

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ்தான் பதில் சொன்னாள். "அவனா? மேல் மாடியில எங்க உயிரை வாங்கிக்கிட்டு இருக்கான். அந்த வாசலோரப் பொண்ணும் அங்கதான். ஆபரேஷன் ஆனவங்களை இங்க கொண்டாற மாட்டாங்கண்ணே. பயந்தவங்களை ஆபரேஷன் ரூம் வரைக்கும் கொண்டுபோய் விடறதுதான் இவரு வேலை."

சுமைகாரனின் தோள் தளர்ந்தது. அதற்குள் சக்கரம் கிறீச்சிட, ஸ்ட்ரெச்சர் வந்து பக்கத்தில் நின்றது. கோமாளி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப அவளைக் கூட்டிட்டுப் போறப்ப வா. இப்ப எதுக்கு வந்தே?"

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்தான் விரிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். "ஈரல் குடுக்கிறவர் முதல்ல. ஏறிப் படுங்கண்ணே."

ஆயுசெல்லாம் மூட்டை ஏற்றிய உடம்புக்கு, தானே மூட்டையாக ஏறத் தெரியவில்லை; தடுமாறியது. கோமாளி மறுபடியும் காற்றில் தட்டினான், அவன் முகத்துக்கு நேராக.

"பயப்படுறது நீங்கதானேப்பா, அதான் நான் வரச் சொன்னேன்" என்றாள் மகள். "உங்களுக்குப் பாடட்டும். எனக்கு ஒரு பாட்டு பாக்கி."