இறுகிய மூடி

"இத கொஞ்சம் தொறந்து குடுங்க தம்பி."

குமுதா நீட்டிய தண்ணீர்ப் போத்தலை இக்மல் வாங்கிக்கொண்டான். சூலியா தெருவில் இருக்கும் அவனுடைய சாப்பாட்டுக் கடையில் இப்போது போத்தல் தண்ணீர் விற்பதில்லை. வெளியே வாங்கி வந்திருப்பார் போலும்.

பின்கட்டில் குவியும் காலிப் போத்தல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், போன மாதம் அவன்தான் சுவரில் ஃபில்டர் பொருத்தினான். குழாய்த் தண்ணீரை வடிகட்டிக் குளிரவைத்துத் தரும். பக்கத்தில் எவர்சில்வர் குவளைகள். யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம், காசில்லை.

எல்லோரும் நல்ல காரியம் என்றார்கள்.

குமுதா மட்டும் ஃபில்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பினார்.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் தனியாக இருக்கிறார். மதியச் சோற்றுக்காகவே ஃபெரி ஏறி இந்தக் கரைக்கு வருவார். அந்தப் பக்கம் கடையே இல்லையா என்று இக்மல் ஒருமுறை கேட்டான்.

"ஒங்க மீன் கறி மாதிரி வராதுலா" என்றார்.

முன்பெல்லாம் சோறு, மீன் கறி, ஒரு போத்தல் தண்ணீர். விரல் மூட்டெல்லாம் வலி, மூடியைத் திருக முடியவில்லை என்பார். இக்மல் போய்த் திறந்து கொடுப்பான். அந்தச் சாக்கில் ஏதாவது பேச்சு வரும். ஃபெரியில் கூட்டம். மேல்வீட்டுக்காரர் வளர்க்கும் பூனை. சிட்னியில் இருக்கும் மகனுக்கு அங்கே குளிர் ஒத்துக்கொள்ளாதது. அவன் மேசையைத் துடைத்தபடியே கேட்டுக்கொள்வான்.

ஃபில்டர் வந்த பிறகு அவரே எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டார். அவனைக் கூப்பிட ஒரு வேலையும் இருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

சில நாட்கள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கறி சரியில்லையோ என்று இக்மல் சமையல்காரரிடம் உப்பைப் பார்க்கச் சொன்னான்.

இன்று இந்தப் போத்தல்.

கடையில் நல்ல கூட்டம். கல்லாவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவன் அவசரமாக மூடியைப் பிடித்து அழுத்தித் திருகினான்.

புதுப் போத்தல் திறக்கும்போது வரும் சத்தம் வரவில்லை.

மூடி சும்மா சுழன்றது. அதன் அடியில் இருக்கும் வளையம் எப்போதோ அறுந்திருந்தது. போத்தல் பழசு, இடுப்பில் கசங்கியிருந்தது. ஆனால் தண்ணீர் சில்லென்றிருந்தது, வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது.

இக்மல் திரும்பிப் பார்த்தான். சுவரிலிருந்த ஃபில்டருக்கும் அந்த மேசைக்கும் நடுவே தரையில் துளித்துளியாகத் தண்ணீர் சிந்தியிருந்தது.

குமுதா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

கல்லாவிலிருந்து யாரோ அண்ணே என்று கூப்பிட்டார்கள்.

இக்மல் மூடியை மறுபடி போட்டு இறுக்கினான். தோளில் கிடந்த துணியை அதன்மேல் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவதுபோல் திருகினான். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரொம்ப இறுகிப்போய் இருக்குக்கா. நீங்க சாப்பிடுங்க, தொறக்க கொஞ்ச நேரம் ஆகும்."