காய்ச்சல் வராத மாப்பிள்ளை

மருத்துவர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். பக்கத்திலேயே ஓர் அரிவாள் வரைந்தார்.

நல்ல ரத்த அணு வட்டமாக இருக்குமாம். என் தங்கை மகனுக்கு அது அரிவாள் மாதிரி வளைந்துபோய், ரத்தக்குழாயை அடைத்துக்கொள்கிறதாம். அதனால்தான் நான்கு வயதுப் பிள்ளை எலும்பு வலி தாங்காமல் அலறுகிறான்.

வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்ட பெரிய மனுஷன் நான்தான்.

இந்தக் கோளாறு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும் என்றார் மருத்துவர். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் செய்யாது. மலேரியாகூட லேசில் அண்டாது.

மலேரியா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கல்குவாரிக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய், காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. மலேரியாக்காரர் என்றால்தான் அங்கே என்னைத் தெரியும்.

அப்பா இல்லாத வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. மற்றவர்கள் குணம் பார்ப்பார்கள், குடும்பம் பார்ப்பார்கள். நான் என் காய்ச்சல் பதிவேட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக அதில் பெயரே ஏறாத ஆள், பாறைக்கு வெடி வைக்கும் மேஸ்திரி. அவருக்கே கட்டிக்கொடுத்தேன். என் தங்கைக்கும் காய்ச்சல் வந்ததில்லை. இரண்டும் இரும்பு உடம்பு, பிள்ளை எப்படிப் பிறக்கும் பாருங்கள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"மூணு தடவை மலேரியா வந்து படுத்தவரைக் கட்டியிருந்தா, இவனுக்கு இது வந்திருக்காதில்ல டாக்டர்?"

பெரும்பாலும் வந்திருக்காது, ஆனால் சோதிக்காமல் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். யாரைச் சொல்கிறாய் என்றும் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு தையல்காரர் எங்கள் வீட்டுக்கே வந்து அவளைக் கேட்டார். அவளுக்கும் அவர் என்றால் உயிர். நான் பதிவேட்டை விரித்து, அவர் பெயர் இருந்த மூன்று பக்கங்களை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தேன். நோஞ்சானுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன்.

கதவோரம் நின்று கேட்டவள் அந்த எண்ணிக்கையை இன்னும் மறக்கவில்லை.