போணிக்குக் கடன் இல்லை

கதிர்காமத்தான் மேல சத்தியமா சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. பொய்யின்னா நாளைக்கு எனக்குத் தேத்தண்ணியே கெடைக்காம போகட்டும்.

பதுளை பஜார்ல ஜீவன்னு ஒரு கம்பியூட்டர்காரன். கடைங்களுக்கு பில் போடுற புரோகிராம் விக்கிறவன். அவனுக்கு எதுத்தாப்புல வந்து கடை தொறந்தா பண்டாரவளைக்காரி நஸ்மியா. அவகிட்டயும் பில் போடுற புரோகிராம். ஆனா சும்மா குடுக்கிறா! ரிப்பேருக்கு மட்டுந்தான் காசு.

ஜீவனுக்கு எரிஞ்ச வயித்துல ஒரு தோட்டத்து லயத்துச் சனத்துக்கே தேத்தண்ணி கொதிக்க வச்சிருக்கலாம். அவ கடையில யாராவது சிரிச்சாப் போதும், இவனுக்குச் சோறு எறங்காது.

ஒருநாள் காலையில முத்தையா மொதலாளியோட பலசரக்குக் கடையில நின்னான். அங்கயும் இப்ப நஸ்மியா புரோகிராம்தான். அன்னைக்கு வந்த மொத ஆளே கடன் கேட்டான். மொதலாளி தட்டிப் பாத்தாரு. கம்பியூட்டர் முடியாதுன்னுருச்சு: 'போணிக்குக் கடன் இல்லை.'

ஜீவன் துள்ளுனான். "மொதலாளி, இது என் மூளை! நான் மண்டைய ஒடச்சு யோசிச்சது! திருடிட்டா!"

மொதலாளி நஸ்மியாவக் கூப்பிட்டு அனுப்புனாரு. லெப்டொப்போட வந்தா. வேடிக்கை பாக்கப் பாதி பஜார் கூடிருச்சு.

"ஏம்மா, திருட்டுச் சாமானா? அப்பிடின்னா இந்தத் தெருவுல ஒரு கடைக்காரனும் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டான்."

ஜீவன் குறுக்க பாஞ்சான். "கொப்பிரைட் கேஸ் போடுவேன்! விடமாட்டேன்!"

"அந்தப் போணி விசயம் ஜீவன் அண்ணனோடதுதான்," நஸ்மியா சொன்னா. "ரிப்பேருக்கு வந்த ஒரு மெசின்ல அவரு வித்த புரோகிராம் இருந்துச்சு, அதுல பாத்தேன். நல்லா இருந்துச்சு. சேத்துக்கிட்டேன்."

"கேட்டீங்களா! அவ வாயாலயே சொல்றா!"

"மொதலாளி, இந்தப் புரோகிராம் நெட்டுல எல்லாருக்கும் பொதுவாப் போட்டது. யாரும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கக்கூடச் செய்யலாம். ரெண்டே கண்டிசன். மாத்துனத மத்தவங்களுக்கும் குடுக்கணும். செஞ்சவங்க பேர அழிக்கக் கூடாது. நான் அழிக்கல, பாருங்க."

லெப்டொப்ல புரோகிராமோட உள்பக்கத்தத் தொறந்து காட்டுனா: 'போணிக்குக் கடன் இல்லை. இதைச் சேர்த்தவர் ஜீவன், பதுளை.'

மொதலாளி கண்ணாடிய ஏத்தி விட்டாரு. "அட, ஒம் பேரு பளிச்சுன்னு இருக்கே தம்பி! எல்லாத்துக்கும் மேல இன்னொரு பேரு தெரியுதே, அது யாரு?"

நஸ்மியா டக்குன்னு லெப்டொப்ப மூடிட்டா. "அது பழைய பேரு, மொதலாளி. விடுங்க, யாவாரத்தப் பாருங்க."

ஆனா ஜீவன் பாத்துட்டான். கூட்டத்த வெலக்கிட்டுத் தன் கடைக்கு நடையக் கட்டுனான். அந்தப் புரோகிராம நெட்டுல இருந்து எடுத்த அன்னைக்கு, யாரு எவருன்னு படிக்காமக்கூட அழிச்சுட்டு, முழுசும் தன்னோடதுன்னு வித்தானே, அதே வரி: 'முதலில் எழுதியவர் நஸ்மியா, பண்டாரவளை.'

அம்புட்டுத்தான் கதை. எடுத்துட்டுப் போயி யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, எம் பேர மட்டும் அழிச்சிராதீங்க. ஒரு பிளேன்டீக்கும் ரெண்டு வடைக்கும் உள்ளத இப்பவே வச்சுட்டுப் போங்க. இன்னைக்கு நீங்கதான் எனக்குப் போணி!