விருப்ப நாடு

ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். எட்டரைக்குத் தபால்காரர் இரண்டு உறைகளோடு வந்தார்.

"வீட்டம்மாவுக்கும் வந்திருக்கு தம்பி. நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

எங்கள் ஊரைக் காலி செய்யச் சொல்லி ஆறு மாதமாகிறது. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று ஆளுக்கொரு படிவம் எழுதித் தர வேண்டும். கணவன் மனைவியானாலும் தனித்தனி அறையில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். எழுதிய நாடு கிடைத்துவிடும், பிறகு மாற்ற முடியாது. அதனால் நானும் கோதையும் ஒரு வாரம் பேசி நார்வே என்று முடிவு செய்தோம்.

"ஆறு மாசம் இருட்டாமே? உங்க மூஞ்சியப் பார்க்க வேண்டாம், நிம்மதி" என்று சிரித்தாள்.

படிவம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும், "எழுதிட்டியா?" என்று கேட்டேன்.

"எழுதிட்டேன்."

ஒரே டம்ளரில் கரும்புச்சாறு குடித்தோம். மறுமாதம் காய்ச்சலில் படுத்தாள். பத்தாவது நாள் இறந்துபோனாள்.

என் உறையில் நார்வே இருந்தது. அவளுடையதில் சிலி. படிவ நகலில் காரணம் என்ற கட்டத்தில், அவளுடைய உருண்டை எழுத்தில், 'அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்' என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதிருக்கிறேன். சாகப்போவது தெரிந்து சொன்னாள் என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

"ஸ்வெட்டர் ரெண்டு வாங்கிடாதீங்க. ஒண்ணு போதும்."