வாய்தா வக்கீல்

"உங்க ஓட்டு கிடைக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் எம்.எல்.ஏ.

கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தேர்தல் ஜெயித்தவர். இரண்டிலும் என் ஓட்டு அவருக்கு இல்லை. இந்தத் தடவை போட்டி கடுமை. எங்கள் தெரு கைவிட்டால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாசலில் கூட்டம். இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

"இவர் வக்கீலா இருந்தப்போ ஒரு கேஸ் குடுத்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தேன். "கூப்பிடும்போதெல்லாம் வாய்தா. ஒரு நாள் காய்ச்சல்ம்பார், ஒரு நாள் கேஸ் கட்டை வீட்டுலயே வெச்சுட்டேன்ம்பார். கோர்ட் வராந்தா பெஞ்சைத் தேய்ச்சதுதான் மிச்சம். கடைசியில நானே வெறுத்துப்போய் வாபஸ் வாங்கினேன். ஒரு கேஸை முடிக்கத் துப்பில்லாதவர் தொகுதிக்கு என்னத்தைக் கிழிச்சிடப் போறார்?"

"சட்டசபையிலயும் வாய்தாதானா சார்?" என்றார் எதிர்வீட்டு டைலர். கூட்டம் சிரித்தது. எம்.எல்.ஏ.வும் சிரித்தார்.

கூட வந்த கட்சிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "பெரியவரே, அண்ணன் எடுத்த கேஸ்ல கோட்டை விட்டதே கிடையாது. அது என்ன கேஸ், சொல்லுங்க பார்ப்போம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆபீசுக்குக் கிளம்பி நின்ற என் மகளும், "என்ன கேஸ்ப்பா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள்.

"அது பழைய கதைம்மா. விடு."

கட்சிக்காரர் விடவில்லை. "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. தெருவே கையை விட்டுப் போயிடும் போலிருக்கு."

எம்.எல்.ஏ. என் மகளைப் பார்த்தார். கதவோரம் நின்ற என் மனைவியைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லப்பா. ஆனா அவர் சொல்றது நிஜம். நான் சரியா நடத்தல."

கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மகளும் கிளம்பிப் போனாள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன். "பார்த்தியா, அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டார்."

"வேற என்ன செய்வார்?" என்றாள் மனைவி. "வாய்தா வாங்கிட்டு வெளியே வரும்போதெல்லாம், 'அவர் கோபம் கொஞ்சம் தணியுதும்மா, அடுத்த தடவையும் அவர் உட்கார்ற பெஞ்சுலயே வந்து உட்காரு'ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போவார். பொண்ணு நிக்கும்போது அதையா தெருவுல சொல்லுவார்?"

நான் செருப்பைக் கழற்றினேன். கழற்றிக்கொண்டே இருந்தேன்.

"என்னை வேண்டாம்னு நீங்க போட்ட விவாகரத்து கேஸை அவர் அன்னைக்கே முடிச்சுக் குடுத்திருந்தா, இப்ப ஆபீசுக்குப் போறாளே, அவ எங்கேருந்துங்க வந்திருப்பா?"